கட்ச் வரை தண்ணீர் வந்ததே என்று எதிரணி கேட்டால்

குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணையை எதிர்த்துக் கல்லூரி விவாதத்தில் பேசப்போகிறீர்கள், "வறண்ட கட்ச் வரை தண்ணீர் போனதே, அப்புறம் என்ன?" என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது என்பது உங்கள் கவலை. முதலில், தண்ணீர் போனதை மறுக்காதீர்கள். போனது உண்மைதான். மறுத்தால் அங்கேயே தோற்றீர்கள்.

தண்ணீர் யாருக்கு, மூழ்கிய நிலம் யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள். மூழ்கிய ஊர்களில் பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்தில். பாசனத்தின் பெரும்பங்கு குஜராத்துக்கு. (மின்சாரத்தில் 57 சதவீதம் மத்தியப் பிரதேசத்துக்குத்தான். இதை எதிரணி எடுக்கும், தயாராக இருங்கள்.)

உங்கள் பலமே மறுவாழ்வுதான். கால்பங்குக்கு மேல் நிலம் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் என்றது நர்மதை நீர்ப் பங்கீட்டுக்கான நடுவர் மன்றத்தின் 1979 தீர்ப்பு. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் பட்டா இல்லாமல் தலைமுறைகளாக உழுத பழங்குடிகள் அரசின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். பலருக்கு நிலத்துக்குப் பதில் பணம் கொடுத்தார்கள். கால்வாய்க்கு நிலம் இழந்தவர்களோ அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

"வளர்ச்சிக்கு எதிரி" என்றால் மோர்ஸ் குழுவைச் சொல்லுங்கள். கடன் கொடுத்த உலக வங்கியே அமைத்த குழு அது. மறுவாழ்வும் சுற்றுச்சூழல் ஆய்வும் சரியில்லை என்று 1992இல் எழுதியது. மறு ஆண்டே மிச்சக் கடன் வேண்டாம் என்றது இந்தியா.

2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அணைக்குச் சாதகம், 2-1. நீதிபதி பரூச்சாவின் மாறுபட்ட தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.