‘அது அவங்களுக்கு ஈஸி’

கேள்வி: நான் குடியாத்தம் பக்கம். வயது 26. நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, பாலாற்றில் டேனரிக் கழிவு கலப்பதைப் பற்றி வீதி நாடகம் போடுகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று பதினொரு இடத்தில் போட்டாயிற்று. தொப்பை முதலாளி வந்தால் சிரிக்கிறார்கள், செல்போனில் எடுக்கிறார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள். கறுப்பு உடுப்பு ஏழு செட்டும் அம்மாதான் தைத்தார்கள். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருப்பதால் அது அவங்களுக்கு ஈஸி. ஆனால் அவர்கள்கூட ஒரு தடவை பார்க்க வரவில்லை. கலையால் சமூகத்தை அசைக்க முடியுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: தம்பி, என் கடைசிப் பையன் வயசு உனக்கு. ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

கலையால் முடியுமா என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அதை ஓரமாக வை. எனக்கு அந்த ‘ஈஸி’தான் உறுத்துகிறது.

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, பொழுதுக்கும் தோலை மிஷினில் தள்ளி, வீட்டுக்கு வந்து உலை வைத்து, பாத்திரம் துலக்கி, அப்புறம் உட்கார்ந்து ஏழு சட்டை, ஏழு பேன்ட். எத்தனை ராத்திரி ஆனது? எண்ணினாயா? நூல் யார் காசு? கூடவே உட்கார்ந்து ஒரு பட்டனாவது கட்டினாயா? உன் நாடகத்தில் ஆறு இருக்கிறது, கழிவு இருக்கிறது, தொப்பை இருக்கிறது. அந்தத் தோலைத் தைக்கிற பொம்பளை எங்கே?

ஆறு கெட்டது பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. வாணியம்பாடிப் பக்கம் என் தாய்மாமன் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் பழுப்பாக வரும். கடைசியில் அந்தக் கிணற்றைத் தூர்த்தே விட்டார். தோல் பட்டறைகள் இருக்கிற பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்கிற கணக்கை உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்டில் தன் தீர்ப்பில் எழுதியது. கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்றும் சொன்னது. உன் வயசு அந்தத் தீர்ப்புக்கும் சின்னது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும், அவன் வீட்டுக் குடத்திலேயே இருக்கிறது. தெரிந்ததையே திருப்பிச் சொன்னால் பஸ் வந்ததும் ஏறத்தான் செய்வான்.

ஆற்றுக்கும் முதலாளிக்கும் நடுவே நிற்கிற ஆட்களை நீ மேடைக்கே கூப்பிடவில்லை. 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். அவர்களில் ஒருத்தராவது உன் நாடகத்தில் எழுந்து பேசுகிறாரா?

நம்ம பக்கத்துப் பிள்ளை, பாரதக் கூத்து பார்த்திருப்பாய். அதில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா பக்கத்திலேயே நின்றுகொண்டு, ரேஷன் கடை எடையையும் குழாயடிச் சண்டையையும் இழுத்து விடுகிறான். கூத்துக்குப் பணம் கொடுத்த பெரிய மனுஷனையும் விடுவதில்லை. அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்கிறார். பாரதத் திருவிழா முடிகிற சமயம் வருகிற படுகளத்தன்று துரியோதனன் தொடையைப் பிளந்ததோடு சனம் எழுந்து போவதில்லை. அவன் வீட்டுப் பெண் வந்து ஒப்பாரி வைக்க வேண்டும். கெட்டவனுக்காகவா அழுகிறார்கள் என்று சின்ன வயசில் எங்கள் பாட்டியைக் கேட்டேன். “அவன் வூட்லயும் உலை வெக்கிறவ ஒருத்தி இருப்பாளே” என்றார்.

உன் அம்மா உலை வைக்கிறது துரியோதனன் கொடுக்கிற கூலியில். நீ தின்கிறதும் அதில்தான். அதை நாடகத்தில் சொல்லக் கூச்சமா?

அம்மா ஏன் வரவில்லை என்பது உனக்குப் புரியவில்லை என்றால் நம்ப மாட்டேன். நீ ஆம்பூரில் கத்திக்கொண்டிருக்கும்போது கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தால், மறுநாள் பதில் சொல்ல வேண்டியது அம்மா. வெள்ளைக்காரன் காலத்தில் நாடக நடிகர் விசுவநாத தாஸ் மேடையில் பாடிப் பாடியே ஜெயிலுக்குப் போனார். 1940-ல் அவர் உயிர் போனதும் மேடையில்தான். பணயம் வைத்தது தன் உடம்பை. நீ வைத்திருக்கிறது அம்மாவின் வேலையை, அதுவும் அவரைக் கேட்காமல். பெற்றவள் சோற்றைப் பணயம் வைத்துவிட்டு ஊரைத் திருத்தப் போகிறவனை எனக்குப் பிடிக்காது. பழைய மனுஷி என்று திட்டிக்கொள், பரவாயில்லை.

நாடகத்தை விட வேண்டாம். வேலைக்குப் போ, அதையும் செய். இரண்டும் சேர்த்துச் செய்தவர்கள்தான் நம்ம ஊர்க் கூத்துக்காரர்கள். பகலில் ஏர் பிடித்தார்கள், ராத்திரி கிரீடம் கட்டினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பன்னிரண்டாவது ஆட்டத்தை உன் வீட்டு வாசலில் போடு. மைக் வேண்டாம், செல்போன் வேண்டாம். கம்பெனிக்குப் போகிற தெருப் பெண்களைக் கூப்பிட்டுப் பாயில் உட்கார வை. முடிந்ததும் எது தப்பு என்று கேள். தொப்பை முதலாளியை யாரும் நேரில் பார்த்ததே இல்லை, திட்டுகிறது வேறு ஆள் என்பார்கள். பாத்ரூம் போக அனுமதி கேட்டு நிற்பதைச் சொல்வார்கள். உன் அம்மா கடைசியில்தான் வாயைத் திறப்பார். குறுக்கே பேசாதே, எழுதிக்கொள்.

ஏழு செட்டுக்குத் தையல் கூலி என்னவென்று கடையில் விசாரித்து அந்தப் பணத்தை அம்மா கையில் கொடு. வாங்க மாட்டார். அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடு.