மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தால் புதிய ஊசி உதவுமா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு ஆஸ்துமா, கூடவே மூக்கில் சதை, அறுவை செய்தும் மறுபடி வளர்கிறது, புதிய ஊசி உதவுமா என்று.

பலருக்கு உதவுகிறது. மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதை. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே வகை அழற்சிதான். சதையை மட்டும் வெட்டினால் அழற்சி அங்கேயே இருக்கும், அப்புறம் வளராமல் என்ன செய்யும்? டூபிலுமாப் ஊசி, இந்த அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரண்டு உடல் புரதங்களின் வேலையையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 2018இல் ஆஸ்துமாவுக்கும் 2019இல் மூக்குச் சதைக்கும் அனுமதி கிடைத்தது. சதை சுருங்குவதோடு பலருக்கு வாசனையும் திரும்புகிறது; குழம்பு தாளிக்கும் மணமே தெரியாமல் சமைத்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் விலை அதிகம், நிறுத்தினால் தொல்லை திரும்பி வரலாம்.

முதலில் ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுவின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறதா? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமா, மூக்குச் சதை, இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்து வருவது உண்டு. ஊசி தொடங்கிவிட்டதே என்று இன்ஹேலரைத் தானாக நிறுத்தக் கூடாது, புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.