கணினி கேள்வி–பதில்

கேள்வி: பிளாகரில் வலைப்பூ தொடங்கி 12 சமையல் பதிவுகள் எழுதிவிட்டேன். கூகுளில் தேடினால் ஒன்றுகூட வருவதில்லையே, ஏன்?
— வாசகி, தேனி

பதில்: முதலில் அமைப்புகளில் ‘தனியுரிமை’ பகுதியைத் திறந்து, தேடுபொறிகளுக்குக் காட்டும் பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். பிறகு, நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேர்த்து, ‘சைட்மேப்ஸ்’ (பதிவுகளின் முகவரிப் பட்டியல்) பகுதியில் முகவரியின் கடைசியில் வரும் சைட்மேப்.எக்ஸ்எம்எல் (sitemap.xml) என்பதை மட்டும் ஆங்கிலத்தில் தட்டிச் சமர்ப்பியுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டி, தேடலில் சேர்க்கக் கேட்கும் ‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’கை ஒருமுறை அழுத்தினால் போதும். திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது; சில நாள் முதல் சில வாரம்வரை ஆகலாம்.

தமிழில் எழுதுபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பிளாகர் அதைப் படிக்காமல் ‘பிளாக்-போஸ்ட்’ என்று பொதுவான முகவரியைக் கொடுத்துவிடும். அடுத்த பதிவுக்கும் அதே பெயர்தான், பின்னால் ஓர் எண் மட்டும் சேரும். முகவரியைப் பார்த்து உள்ளே சுக்குக் காபியா, சுண்டலா என்று யாருக்குத் தெரியும்? வெளியிடும் முன்பே வலப்பக்கப் பட்டியில் ‘பெர்மாலிங்க்’ (பதிவின் நிலையான முகவரி) திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நடுவே சிறு கோடிட்டு எழுதுங்கள். வெளியான பழைய பதிவுகளின் முகவரியை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். மாற்றியே தீரவேண்டுமென்றால், அமைப்புகளில் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ‘கஸ்டம் ரீடைரக்ட்’டில் பழையதையும் புதியதையும் இணைத்துவிடுங்கள்.