பென்சில்வேனியா துப்பாக்கி லைசென்ஸோடு நியூ ஜெர்சி வழியே போகலாமா?

பென்சில்வேனியா கொடுத்த துப்பாக்கி லைசென்ஸை வைத்துக்கொண்டு, கைத்துப்பாக்கியோடு நியூ ஜெர்சி, நியூயார்க் வழியாக நியூ ஹாம்ப்ஷயருக்குக் காரில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் லைசென்ஸை நம்பி அல்ல. வழியிலுள்ள அந்த இரண்டு மாநிலங்களும் அதை ஏற்காது. உங்களைக் காப்பது 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம்தான்: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படி உங்களிடம் இருக்கலாம் என்றால், சில நிபந்தனைகளோடு இடையிலுள்ள மாநிலங்களைக் கடக்க அது அனுமதிக்கிறது.

கிளம்பும்போதே குண்டுகளைக் கழற்றிவிடுங்கள். துப்பாக்கி, குண்டு இரண்டும் டிக்கியில் இருக்கட்டும். தனி டிக்கி இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் செல்லாது. 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரு மாநிலங்களிலும் அதற்குத் தடை, கூட்டாட்சிச் சட்டத்தின் இந்தப் பிரிவோ மேகசினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வழியில் இரவு தங்கவே தங்காதீர்கள். 2005இல் விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியோடு நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் ஹோட்டலில் தங்கிய யூட்டா பயணி மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். துப்பாக்கிப் பெட்டி இரவெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததுதான் சிக்கல். அவர் தொடுத்த வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

கூட வரும் நண்பர் எச்-1பி விசாவில் இருந்தால் பெட்டிச் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள். வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாவிட்டால், துப்பாக்கி அவர் வசம் இருப்பதே கூட்டாட்சிக் குற்றம்.