வட கடல், பால்டிக் கடற்பன்றிகள்: கேள்வி பதில்

கேள்வி: கடற்பன்றியும் ஓங்கிலும் (டால்பினும்) ஒன்றுதானா, ஐயா?

பதில்: உறவுண்டு, ஆனால் ஒன்றல்ல. ஓங்கிலின் பல் கூம்பு வடிவானது. கடற்பன்றியின் பல் மண்வெட்டி முனைபோல் தட்டையானது. இங்கு நான் பேசுவது ஐரோப்பியக் கரையோரத்தில் வாழும், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இனத்தைப் பற்றி.

கேள்வி: வட கடலில் அவை குறைந்துவிட்டனவா?

பதில்: 1994-லும் 2005-லும் கப்பல்களிலும் விமானங்களிலும் சென்று எண்ணியபோது மொத்தத் தொகையில் பெரிய மாற்றம் தெரியவில்லை, ஆனால் வடமேற்கில் மிகுந்திருந்தவை தெற்கே நகர்ந்திருந்தன. இரை இடம் மாறியதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எனவே ஒரே கரையில் நின்று பார்த்துவிட்டு, அழிந்தன என்றோ பெருகின என்றோ முடிவு கட்டக் கூடாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது பால்டிக் கடலின் நடுப்பகுதியை எண்ணித்தான். கண்ணால் தேடிக் காண முடியாத அளவுக்கு அங்கே அவை அரிது. அதனால் 2011 முதல் 2013 வரை கடலுக்கடியில் ஏறத்தாழ 300 ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, அவை எழுப்பும் மீயொலிச் சொடுக்குகளைக் கொண்டு மதிப்பிட்டார்கள். கிடைத்த எண் சுமார் 500. ஒரு பேற்றுக்கு ஒரே குட்டி ஈனும் உயிரினத்துக்கு, ஆண்டுக்குச் சில தாய்கள் வலையில் மடிவதே பேரிழப்பாகும்.

கேள்வி: கரையொதுங்கிய உடலைக் கொண்டு நோயை அறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முகத்திலும் துடுப்பின் ஓரத்திலும் நூல் அழுந்திய மெல்லிய கோடு இருந்து, கொழுப்புப் படலம் தடித்து, இரைப்பையில் செரிக்காத மீனும் இருந்தால், நலமாயிருந்த விலங்கு செவுள் வலையில் (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி நீரில் நிறுத்தும் வலையில்) சிக்கி மூச்சுமுட்டி இறந்தது என்று கொள்ளலாம். மாறாக, பிடரி மெலிந்து குழிந்திருந்து, நுரையீரலை அறுத்ததும் வெண்ணூல் போன்ற புழுக்கள் திரளாக வெளிவந்தால், அது நெடுநாள் நோயுற்றிருந்தது. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி என்னும் நச்சு, தடை செய்யப்பட்டுப் பல்லாண்டு ஆகியும் கொழுப்பில் தங்கி நோயெதிர்ப்பைக் குறைக்கிறது. தாய்ப்பால் வழியே குட்டிக்கும் செல்கிறது என்பதுதான் நெஞ்சை வருத்துகிறது.

கேள்வி: கடற்பன்றிகளை ஒலியால் விலக்கும் ஒலியெழுப்பிகளை வலையில் கட்டினால் போதாதா?

பதில்: சிக்குவது வெகுவாகக் குறையும். ஆயினும் அக்கருவிகள் மிகுந்தால், இரை தேடும் இடத்தை விட்டே விலங்கு விலகிவிடும். 2016-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், ஒரு மணி நேரத்தில் 550 சிறு மீன்கள் வரை பிடிக்க முயன்றவை பதிவாகின. இவ்வளவு ஓயாமல் உண்ண வேண்டிய உயிரால் நெடுநேரம் பசி தாங்க முடியாது. ஆகவே பால்டிக்கில் அவை வாழும் முக்கியக் கடலடித் திட்டுகளில் செவுள் வலையையே விலக்கி, அதனால் வருமானம் இழக்கும் மீனவர்களுக்கு அரசுகள் ஈடு தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.