ஊம்… கடக்… கீச்: பழைய காரின் சக்கரச் சத்தம், கேள்வி பதில்

பட்டறையில் இருபத்தெட்டு வருடம் கிரீஸ் கையோடு நின்றவன் நான். பத்து வயது தாண்டிய கார், சக்கரப் பக்கம் சத்தம் என்றால் கேளுங்கள். எந்த வேகத்தில் வருகிறது, வளைத்தால் மாறுகிறதா, பிரேக் மிதித்தால் மாறுகிறதா என்று சேர்த்து எழுதுங்கள். அதற்கும் முன்னால் நாலு சக்கரத்திலும் வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

2006 மாருதி 800. ஐம்பதைத் தாண்டினால் முன்பக்கம் ஊம் என்று இரைச்சல். இரண்டு பக்க பேரிங்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். ஊம் சத்தத்துக்கு, சக்கரத்தைச் சுழலவிடும் குண்டு வளையமான பேரிங்கும் காரணமாகலாம், டயரும் ஆகலாம். காதால் மட்டும் இரண்டையும் பிரிப்பது எனக்கே சிரமம். முதலில் செலவில்லாததைப் பார்ப்போம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது. முன் டயரைப் பின்னால் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போனால் பேரிங் தப்பித்தது. புதுத் தார் ரோட்டில் அடங்கி, சொரசொர ரோட்டில் கூடினாலும் டயர்தான். பேரிங் ரோட்டைப் பார்க்காது, வேகத்தைத்தான் பார்க்கும்.

டயர் நன்றாக இருந்தால், ஆளில்லாத ரோட்டில் அறுபதில் போய் ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலமாகத் திருப்புங்கள். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். அப்புறம் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஆட்டுக்கல்லில் மணல் சிக்கியது போல விரலில் நறநறக்கும். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் நறநறக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டாண்டு இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

2004 சான்ட்ரோ. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து எடுத்தால் கடக் கடக்.

முன் சக்கரத்தைச் சுற்றும் ஆக்சிலின் வெளிப்பக்க மூட்டு, சி.வி. ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கும், ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். குனிந்து பாருங்கள். சத்தம் வரும் முன்பே கிழிசலைப் பார்த்திருந்தால் புது பூட், புது கிரீஸோடு பிழைத்திருக்கும். கடக் கேட்ட பிறகு கிரீஸ் வைப்பது வெறும் ஆறுதல்.

நேற்று பஞ்சர் போட்டேன். இன்று மெதுவாகப் போகும்போது டொக் டொக்.

வண்டியை நிறுத்துங்கள். வீல் நட்டு! ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்குங்கள், கடைசி முறுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம், ஸ்டட் இழுபடும்.

2009 இண்டிகா, எழுபதில் ஊம்.

முதல் பதில்.

கொல்லிமலை இறங்கி வந்ததிலிருந்து பிரேக்கில் கீச். தீய்ந்த வாடையும் வந்தது.

எழுபது கொண்டை ஊசியையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினீர்களா? பேட் சூட்டில் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். கழற்றிப் பாருங்கள், மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை இரண்டாம் கியர்.

இன்ஜினில் டாப்பெட் சத்தத்துக்கு என்ன செய்யலாம்?

சக்கரம் மட்டும்.

2010 ஐ10. 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பாதிச் சக்கரம் மூழ்கியது. அன்று ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து பின்பக்கம் உறுமல்.

பேரிங்கின் சீல் தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கும், மூழ்கி நிற்பதைத் தாங்காது. ஓடிச் சூடான பேரிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் காப்பி நிறத்துக்கு வந்து, துரு பிடித்து, குழி விழுந்து, பிறகுதான் சத்தம். பின் பிரேக் டிரம்மையும் திறந்து பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய பேரிங் மட்டும் வேண்டாம்.

எனக்கும் ஊம்…

முதல் பதில். டயரைத் தடவினீர்களா இல்லையா?

நானும் மெக்கானிக்தான். இடப்பக்கம் திருப்பினால் வலது பேரிங் என்பதெல்லாம் சும்மா. எனக்குத் தலைகீழாக வந்திருக்கிறது. பேரிங்கை முப்பது வருடமாகச் சுத்தியில் தட்டித்தான் ஏற்றுகிறேன். அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் எல்லாம் பில் ஏற்றத்தான்.

அண்ணே, முதலாவதில் நீங்கள் சொல்வதும் உண்டு. சத்தம் பாடி வழியாக ஓடும், பின்னால் இருப்பது முன்னால் கேட்கும். அதனால்தான் ஸ்பிரிங்கில் கை வைக்கச் சொன்னேன். சுத்தி விஷயத்தில் விட மாட்டேன். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பேரிங்கை ஏற்றும்போது உள் ரேஸில், அதாவது உள் வளையத்தில், அடித்தால் அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாக வெளி வளையமான வெளி ரேஸுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புது பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் பாட ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவார்.

தட்டத் தெரிந்தவன் தட்டினால் ஒன்றும் ஆகாது. பழைய வெளி ரேஸை மேலே வைத்துத் தட்டுவேன்.

அதைச் சொல்லுங்கள்! வெளி ரேஸில் அடி விழுந்தால் குண்டுக்குப் போகாது, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்து சக்கரம் பூட்டும் ஹப்பை ஏற்றுவீர்களே, அப்போது உள் ரேஸுக்கு அடியில் என்ன முட்டுக் கொடுக்கிறீர்கள்? முட்டு இல்லாவிட்டால் அதே கதைதான். 1999இல் ஒரு 800க்கு நானே இப்படி அடித்து ஏற்றி, இரண்டு மாதத்தில் என் காசில் மாற்றிக் கொடுத்தேன்.

முட்டுக் கொடுப்பதில்லை. இதுவரை யாரும் திரும்பி வரவில்லை.

உங்களிடம் வரவில்லை அண்ணே. என்னிடம் வந்தார்கள்.

எங்கள் ஊரில் யாரிடமும் பிரஸ் இல்லை. என்ன செய்வது?

நக்கிளைக் கழற்றி, புது பேரிங்கோடு லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பெரும்பாலும் அங்கே ஐதராலிக் பிரஸ் இருக்கும். எந்த ரேஸில் அழுத்துகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மாருதி 800காரன் மறுபடி. தடவினேன், முன் டயர் இரண்டும் ரம்பம்தான். பின்னால் மாற்றிப் போட்டேன். சத்தம் இப்போது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

பேரிங்குக்கு வைத்திருந்த பணத்தில் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பாருங்கள். டயர் மாற்றினீர்கள் அல்லவா? நாளைக் காலை அந்த நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.