அந்த நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், அண்ணாச்சி

அண்ணாச்சி, போன சனிக்கிழமை மகளையும் மச்சினரையும் கூட்டிக்கொண்டு, மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க பாளையங்கோட்டைக்கு என்னிடம் வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் "பயப்படாதீங்க, பாத்துக்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று இப்போது தோன்றுகிறது. சொல்ல வேண்டியதை நேராகவே சொல்கிறேன்.

நாங்குநேரி வயலை விற்று மகளை வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்க அனுப்பாதீர்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவம் பார்க்க முடியும். ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் படிப்பு வேண்டும் என்று உங்கள் மகள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டதெல்லாம் உங்கள் மச்சினர்தான்.

அவள் என்னிடம் காட்டியது ஒரு நோட்டு. வள்ளியூர்ப் பக்கம் உங்கள் தம்பி வைத்திருக்கிற வெண்பன்றிப் பண்ணையில் எடுத்த கணக்கு. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகளைத் தடுப்புப் போட்டுப் பிரித்து, தினமும் தீவனத்தை நிறுத்துப் போட்டு, வாரம் ஒரு முறை எடை பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே அளவுதான் எடை ஏறுகின்றன, ஆனால் ஒன்று குறைவாகத் தின்கிறது. "ஏன் சார்?" என்று கேட்டாள். நீங்கள் "பன்னிக் கதை எதுக்கு இங்க" என்று அதட்டினீர்கள்.

அண்ணாச்சி, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையே இருக்கிறது. பன்றி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும். ஒரு பன்றியின் எடையையும் வளர்ச்சியையும் வைத்து அது எவ்வளவு தின்ன வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். உண்மையில் தின்றதிலிருந்து அதைக் கழிப்பார்கள். கணக்கைவிடக் குறைவாகத் தின்று அதே அளவு வளர்ந்தால் அது சிக்கனமான பன்றி. 2000-ஐ ஒட்டி ஃபிரான்சிலும் அமெரிக்காவின் அயோவாவிலும் இப்படிப் பொறுக்கியெடுத்து, சிக்கனமான வம்சம், தின்னி வம்சம் என்று தனித்தனியாகவே வளர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு பன்றியும் தின்பதை வாரக்கணக்கில் தனித்தனியாக அளக்க நிறையச் செலவாகும். அதனால் கொஞ்சம் ரத்தம் எடுத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று தேடுகிறார்கள். யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தின்ற புரதம் சதையாகச் சேராமல் வீணானால் ஈரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடும். ஆகவே ஒரே தீவனம் தின்கிற இரண்டு குட்டிகளில் யூரியா குறைவாக இருப்பது புரதத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ரத்தம் எடுத்தது தின்ற உடனேயா, பட்டினி போட்டா என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன், அயோவாவின் சிக்கன வம்சக் குட்டிகளிடம் குறைவாக இருந்தது. தசையிலிருந்து வரும் கிரியாட்டினின், குளுக்கோஸ், கொழுப்பு என்று இன்னும் பலவற்றைப் பார்க்கிறார்கள். இது ஒன்றே போதும் என்று சொல்ல ஒரு அடையாளம் இதுவரை அகப்படவில்லை. உங்கள் மகள் செய்வதற்கு வேலை மிச்சமிருக்கிறது.

அதற்கு வழி உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் நடக்கிறது. மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். படிப்பு நாலரை வருஷம், பயிற்சி ஒரு வருஷம். அப்புறம் கால்நடை உணவியலில் இரண்டு வருஷ மேற்படிப்பு. செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி உண்டு. பெங்களூரில் கால்நடை உணவியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனமும், குவாஹாத்தி பக்கம் ராணியில் பன்றிக்கென்றே ஒரு தேசிய மையமும் இருக்கின்றன. "பன்னி படிச்ச பொண்ணை யார் கட்டுவா?" என்று மச்சினர் கேட்டார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்றுதான் போடுவாள். தீவனக் கணக்குத் தெரிந்தவர்கள் பல்லடத்துக் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கோழிக்கும்கூட வேண்டும்.

கட் ஆஃப் எட்டாமல் போனாலும் நன்கொடை கேட்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன். பாளையங்கோட்டையிலேயே வேதியியலோ உயிர்வேதியியலோ சேருங்கள். ரத்த மாதிரியில் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே சமயத்தில் அளக்கிற கருவிகளில் வேலை செய்ய வேதியியல் படித்தவர்கள்தான் தேவை. அவள் கேள்வி அந்த வழியிலும் அவளோடு வரும்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மச்சினருக்கு இப்போதே போன் போடுங்கள். அடுத்த சனிக்கிழமை நீங்களும் மகளும் மட்டும் வந்தால் போதும். வருவதற்கு முன்னால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை ஒரு தடவை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.